பதினைந்துக்கு நாலு

பிரபாவதி டாக்டர் பட்டம் வாங்கிய விவரம் காணை கிராமத்தில் இருக்கும் அவளுடைய சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை சரியாகப் பிடிபட்டதில்லை. ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பது மட்டும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. தமிழ்ப் படங்களில் வருகிற கோர்ட்டு சீன்களைப் பற்றி ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் என்று அவள் அப்பா சீனுவாசன் ஒரு கல்யாணப் பந்தியில் பெருமையாகச் சொல்லப்போக, எதிர் இலைக்காரர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "ஆறு வருசமா சினிமா பாத்துக்கினு இருந்துச்சா உம் பொண்ணு?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அப்பா "தமிழ்ல டாக்டரு" என்று சுருக்கிக்கொண்டார். கரும்பு வெட்டு எப்போது என்று பேச்சை மாற்றவும் பழகிக்கொண்டார்.

கேட்டவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிரபாவதி பார்த்தது சினிமாதான். நூற்றுப் பதினான்கு நீதிமன்றக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வசனத்தை வரி வரியாக நோட்டில் எழுதி எடுத்தாள். வெறும் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை எப்படி மசிய வைக்கிறான் என்பதுதான் அவள் கேள்வி. சொல்வன்மை என்று ஆய்வேட்டில் கம்பீரமாகப் பெயர் வைத்தாள். முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அவள் கண்டு சொன்னது இவ்வளவுதான்: படத்தில் வக்கீல் நீதிபதியைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிக்கிறார், ஆனால் பேசுவதில் பாதி நீதிபதிக்கு இல்லை. பின்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு. தீர்ப்பு எழுதுகிறவர் ஒருவர், பேச்சு போய்ச்சேர வேண்டியவர் வேறொருவர். இதற்கு இவ்வளவு பக்கம் தேவையா என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார். தேவையில்லைதான், ஆனால் குறைவாக எழுதினால் பட்டம் தர மாட்டார்களே என்று பிரபாவதி மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே பணிவாகச் சிரித்தாள்.

வேலை கிடைத்தது திண்டிவனத்தைத் தாண்டி, புதுச்சேரி சாலையில் கிளியனூருக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தனியார் கலைக் கல்லூரியில். குடியிருப்பது விழுப்புரத்தில். கணவர் தேவநாதன் மாம்பழப்பட்டு ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். கடையை நகர்த்த முடியாது, கல்லூரியையும் நகர்த்த முடியாது. அதனால் பதினேழு வருஷமாக பிரபாவதிதான் நகர்ந்துகொண்டிருக்கிறாள். காலை ஏழு பத்துக்கு பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, கல்லூரி வண்டியைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் அதே வழி திரும்ப வேண்டும். பஸ்ஸில் படித்த புத்தகம் வீட்டில் படித்ததைவிட அதிகம்.

கல்லூரியில் அவள் எடுப்பது மூன்று வருஷத்துக்கும் எழுத்துப் பாடம். பி.ஏ. தமிழ் கடைசி வருஷத்துக்குக் கட்டுரையும் காட்சி ஊடகமும் என்று ஒரு தாள் உண்டு. அதை அவளைத் தவிர யாரும் கேட்டு வாங்குவதில்லை, ஏனென்றால் அதில் திருத்த நிறைய இருக்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கட்டுரை என்பது ஆறாம் வகுப்பிலேயே முடிந்துபோன விஷயம். முன்னுரை என்று தலைப்புப் போட்டுக் கோடிழுக்க வேண்டும். பிறகு ஐந்து துணைத்தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கோடு. நடுவில் ஒரு மேற்கோள், அது கலர் பேனாவில். கடைசியில் முடிவுரை, அதில் எல்லோரும் சேர்ந்து எதையாவது ஒழிப்போம், அல்லது எதையாவது காப்போம். நெகிழி பற்றி எழுதினாலும் கணினி பற்றி எழுதினாலும் உடம்பு ஒன்றுதான், சட்டை மட்டும் வேறு. பத்து வருஷம் இப்படி எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் போய், நீ நினைத்ததை எழுது என்றால், அவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நினைத்ததற்கு எத்தனை துணைத்தலைப்பு மேம் என்று கேட்பார்கள்.

பிரபாவதி அதை உடைக்க ஒரு வழி வைத்திருந்தாள். வகுப்பில் திரையைப் போட்டு, ஒரு கோர்ட்டு சீனை ஒலி இல்லாமல் ஓட்டுவாள். வாய் அசைகிறது, கை ஆடுகிறது, சத்தம் இல்லை. "யாரப் பாத்துப் பேசுறாங்க, யாருக்காகப் பேசுறாங்க, அத எழுதுங்க. தலைப்பு வேணாம், கோடு வேணாம், மேற்கோள் வேணாம். படிக்கிறவங்கள வாசல்ல நிக்க வெக்காம நேரா வீட்டுக்குள்ள கூட்டிக்கினு போங்க." முதல் மாதம் பிள்ளைகள் திணறுவார்கள். மூன்றாம் மாதத்தில் ஏழெட்டுப் பேருக்கு ருசி கண்டுவிடும். "பரீட்சையிலயும் இப்படியே எழுதலாமா மேம்?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். பிரபாவதி ஒவ்வொரு வருஷமும் நிமிர்ந்து நின்று, "எங்க எழுதினாலும் இப்படியே எழுதுங்க" என்பாள். நல்ல வசனம்தான். நூற்றுப் பதினான்கு சீன் பார்த்தவளுக்கு அது வராமல் இருக்குமா.

அவள் வகுப்பில் இந்த வருஷம் அறுபத்திரண்டு பேர். அதில் அறுபத்தொரு பேர் விவரமானவர்கள். வகுப்பில் மேம் சொன்னபடி எழுதினார்கள், பரீட்சையில் கோடு போட்டு முன்னுரை எழுதினார்கள். ஒருத்தி மட்டும் மேம் சொன்னதை நம்பிவிட்டாள்.

பரீட்சை முடிந்து, மே மாதம் விழுப்புரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்தது. வேறொரு கல்லூரியின் மாடி ஹால், முப்பது ஆசிரியர்கள், எட்டு மின்விசிறி, அதில் ஐந்து சுற்றும். காலையில் இருபது தாள், மதியம் இருபது தாள். தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஒரு பொய் எண் மட்டும் இருக்கும். சொந்தக் கல்லூரித் தாள் சொந்த ஆசிரியர் கைக்கு வரக்கூடாது என்று விதி. கட்டு மாறி வருவதும் வழக்கம். பக்கத்தில் விடைக்குறிப்பு இருக்கும், அதைக் கீ என்பார்கள். முன்னுரைக்கு இரண்டு, துணைத்தலைப்புக்கு ஐந்து, மேற்கோளுக்கு மூன்று, முடிவுரைக்கு இரண்டு, நடைக்கு மூன்று. ஆகப் பதினைந்து.

தலைமைத் தேர்வாளர் மணிமாறன். பிரபாவதியின் சொந்தத் துறைத் தலைவரும் அவர்தான். நல்ல மனுஷர், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் போன வருஷம் பிரபாவதி தலைப்பில்லாத தாள்களுக்கு அள்ளிப் போட்டுவிட்டாள் என்று மேலிருந்து கட்டு திரும்பி வந்து, அவர் முப்பது பேர் முன்னால் அவளைக் கூப்பிட்டு, "கீ-ல இருக்கிறதுக்குத்தான் மேடம் மார்க்கு. நம்ம இஷ்டத்துக்கு இல்ல" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னவருக்கே சங்கடம். கேட்டவளுக்குக் காது சூடாகிவிட்டது.

இந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மணிமாறன் ஓய்வு பெறப் போகிறார். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவில் அவர் இடத்துக்கு யார் என்று கேட்டிருந்தார்கள். பிரபாவதி பெயரைத் தரப் போவதாக அவரே அவளிடம் சொல்லியிருந்தார். பாடம், கேள்வி, கீ எல்லாம் அந்தக் குழுவில்தான் முடிவாகும். அதில் நுழைந்தால் இந்தத் துணைத்தலைப்புச் சனியனைக் கட்டி அனுப்பிவிடலாம் என்று பிரபாவதி பதினேழு வருஷமாகக் காத்திருந்தாள். அதனால் இந்த முகாமில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டாள். கீயைவிடக் கறாராக இருந்தாள். தலைப்பு இருக்கிறதா, கோடு இருக்கிறதா, மேற்கோள் இருக்கிறதா என்று விரல் நுனியால் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். நாற்பது தாளையும் நாலரைக்குள் முடித்தாள். அவள் கட்டு எதுவும் திரும்பி வரவில்லை. மணிமாறன் கடைசி நாள் டீ குடிக்கும்போது, "இந்த வருசம் பேஜாரே இல்ல மேடம்" என்றார். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலையில் ரிசல்ட் வந்தது. வெனிலா ஒரு தாளில் ஃபெயில்.

வெனிலா திண்டிவனத்துப் பெண். அம்மா அற்புதமேரி ஒரு பள்ளி விடுதியில் சமையல் செய்கிறார், அப்பா தொம்மை வேன் ஓட்டுகிறார். மூன்று வருஷமும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதும் நேரத்தில் மூன்று பக்கம் எழுதுகிறவள். பி.எட். சேர விழுப்புரத்தில் இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் எல்லாத் தாளும் தேறிய சான்றிதழைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தேறாத தாள், கட்டுரையும் காட்சி ஊடகமும். எழுபத்தைந்துக்கு முப்பது வேண்டும், வந்தது இருபத்தெட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவள் துறை அறைக்கு வந்தாள். கையில் விடைத்தாள் நகலும் மறுமதிப்பீட்டு விண்ணப்பமும் இருந்தன. பாட ஆசிரியர் ஒருவர் தாளைப் பார்த்து, இது மறுபடி திருத்தத் தகுந்தது என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் செல்லும். அதற்கு ஆறு வரி அளவுக்கு ஒரு கட்டம் விட்டிருந்தார்கள்.

"நாளான்னிக்குக் கடைசி நாளு மேம்" என்றாள் வெனிலா.

"எப்படிம்மா? நீ போயி ஃபெயிலா?" என்று கேட்டுக்கொண்டே பிரபாவதி நகலைப் புரட்டினாள். ஜெராக்ஸில் சிவப்பு மை கறுப்பாகியிருந்தது. முதல் கட்டுரைக்குப் பதினைந்துக்கு நாலு. இரண்டாவதற்கும் நாலு. மூன்றாவதற்கும் நாலு. ஓரத்தில், குறை இருக்கும் இடத்தில், ஒரு பாதி வட்டம். மற்ற ஆசிரியர்கள் பெருக்கல் குறி போடுவார்கள். பாதி வட்டம் போடுகிற ஆள் அந்த முகாமில் ஒருத்திதான்.

பிரபாவதி நகலை மூடினாள். வெனிலாவின் மூன்று வருஷ வீட்டுப்பாடம் முழுக்க இந்தப் பாதி வட்டம் இருக்கிறது. அவளுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க வழியில்லை. பிரபாவதி நிமிர்ந்து பார்த்தாள். வெனிலா சுவரில் இருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சிட்டுப் போம்மா. நல்லாப் படிச்சிட்டு எழுதித் தர்றேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு வா."

"சரிங்க மேம்."

அந்தப் பெண் போன பிறகு பிரபாவதி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பேச்சைப் பற்றிப் பட்டம் வாங்கியவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. திண்டிவனம் மேம்பாலம் தாண்டியதும் நகலை எடுத்து, காட்சி ஊடகத்தில் ஒலியின் பங்கு என்ற கேள்விக்கு வெனிலா எழுதியதைப் படித்தாள். முன்னுரை இல்லை. இப்படித்தான் ஆரம்பித்திருந்தது: "என் அம்மா சம்மதம் என்று சொன்னதை இதுவரை யாரும் கேட்டதில்லை."

வெனிலா எழுதியிருந்தது தன் அப்பா அம்மாவின் கல்யாண சி.டி.யைப் பற்றி. மாதா கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் சாமியார் சம்மதமா என்று மாப்பிள்ளையிடம் கேட்கிறார், பிறகு பெண்ணிடம் கேட்கிறார். பெண்ணின் உதடு அசைகிறது. ஆனால் வீடியோக்காரர் அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டை மேலே ஏற்றிவிட்டார், ரோஜாப்பூ வேறு சுற்றிச் சுற்றி வருகிறது. வாழ்க்கையிலேயே அம்மாவிடம் ஒரே ஒரு முறை சம்மதம் கேட்டார்கள், அதற்கு அவர் சொன்ன பதிலைப் பாட்டு மூடிவிட்டது. சின்ன வயசில் வெனிலா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டி.வி.க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். நீ என்னதான் சொன்னாய் என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "எனக்கே கேக்கலடி, சாமியாரு அடுத்த பக்கத்தத் திருப்பிட்டாரு" என்றாராம். அதன் பிறகு மூன்று பக்கம், ஒலியை எங்கே வைக்கலாம், எங்கே எடுக்கலாம், எடுப்பவர் யார், கேட்க வேண்டியவர் யார் என்று ஒரு கோடு கூட இழுக்காமல் போய்க்கொண்டே இருந்தது.

கூட்டேரிப்பட்டு வந்ததும் போனதும் பிரபாவதிக்குத் தெரியாது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோதுதான் தலையை நிமிர்த்தினாள். இந்த முதல் வரியை மே மாதம் படித்திருந்தால் அந்த நிமிஷமே இது வெனிலா என்று தெரிந்திருக்கும். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் தேவநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்டு முடித்து, தட்டில் கை கழுவி, பொறுமையாகக் கேட்டார்.

"நீதான் திருத்தினன்னு வெளிய சொல்லலாமா?"

"கூடாது. யாரு திருத்தினாங்கன்னு வெளிய தெரியக் கூடாதுங்கிறதுதான் மொத ரூலு."

"அப்ப கவிதா மேடத்துக்கிட்ட கையெழுத்து வாங்கிடு. அவங்களும் உன் டிபார்ட்மெண்டு தான? இதுல இன்னா இருக்குது. மோட்டாரு எரிஞ்சு போனா வேற கடையில குடுத்துக் காயில் கட்டறது இல்லியா?"

"நான் எரிச்ச மோட்டாருங்க" என்றாள் பிரபாவதி.

தேவநாதன் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலை முதல் வேலையாக மணிமாறன் அறைக்குப் போனாள். அவரும் அதே வழியைத்தான் சொன்னார், இன்னும் பதமாகச் சொன்னார்.

"கவிதா மேடம் போடட்டும். மதிப்பீட்டாளர் கவனிக்கத் தவறிவிட்டார்னு ஒரு வரி. யாரு அந்த மதிப்பீட்டாளர்னு யாரு கேக்கப் போறாங்க?"

"அது நிக்காது சார். திரும்பத் திருத்துறவங்க கையிலயும் இதே கீ தான். தலைப்பு இல்ல, மேற்கோள் இல்ல, அவங்களும் நாலுதான் போடுவாங்க." பிரபாவதி கீயின் பிரதியைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியைக் காட்டினாள். அமைப்பு மாறினும் கருத்துக்கு ஏற்ப முழு மதிப்பெண் வழங்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. மணிமாறன் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். அவரும் அன்றுதான் முதன்முதலாகப் படிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இந்த வரிய நான் முகாம்ல பாக்கல. பக்கத்தத் திருப்பினாத்தான? மொத திருத்தினவங்க கருத்தப் படிச்சிட்டுத்தான் நாலு போட்டாங்கன்னா, அது அவங்க தீர்ப்பு, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. படிக்காமலே போட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் இந்த வரி வேலைக்கு ஆவும். படிக்கலன்னு சொல்றதுக்கு என்னைத் தவிர யாரு சார் இருக்காங்க?"

மணிமாறன் கீயை மடித்து வைத்தார். "நீங்க இத எழுதி அனுப்பினா குழுவுக்கு உங்க பேரு போகாதுங்க. முகாமுக்கும் கூப்பிட மாட்டாங்க. நல்லா யோசிங்க. நீங்க உள்ள போனா இந்தக் கீயையே மாத்தலாம். ஆயிரம் புள்ளைங்களுக்கு நல்லது. இது ஒரு புள்ள."

அவர் சொன்னது பொய்யில்லை. இரவெல்லாம் பிரபாவதியும் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தது அதைத்தான். கோர்ட்டு சீனில் எதிர்த்தரப்பு வக்கீல் இவ்வளவு நியாயமாகப் பேசினால் கதாநாயகன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு சீன் அந்த நூற்றுப் பதினான்கில் இல்லை.

"அந்த ஒரு புள்ளைக்குத்தான சார் நான் நாலு போட்டேன்" என்றாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. வெனிலாவின் தாள் மறுபடி திருத்தப்பட்டு, ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி ஐம்பத்தொன்று என்று வந்தது. சான்றிதழைக் கொடுத்து பி.எட். சேர்ந்துவிட்டாள். பிரபாவதிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, மூன்று வருஷத்துக்கு எந்த முகாமுக்கும் வர வேண்டாம் என்று. பாடத்திட்டக் குழுவுக்கு வேறொரு கல்லூரிப் பேராசிரியர் போனார். அவர் துணைத்தலைப்பு எண்ணிக்கையை ஐந்திலிருந்து ஆறாக்கலாம் என்று யோசனை சொல்லியிருப்பதாகக் கேள்வி. பிரபாவதிக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது அப்பட்டமான பொய். பதினேழு வருஷக் கனவு, ஆறு வரியில் போயிற்று. செப்டம்பர் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தேவநாதன் சொல்வார்.

ஆனால் இதெல்லாம் காகிதத்தில் நடந்தவை. பிரபாவதிக்கு நடந்தது அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு, துறை அறையில்.

வெனிலா சொன்ன நேரத்துக்கு வந்தாள். மற்ற ஆசிரியர்கள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். பிரபாவதி அவளை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். காலையிலிருந்து ஒரு தாளில் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து அடித்திருந்தாள். அனல் காற்று, நாற்பது தாள், போன வருஷ அவமானம் எல்லாவற்றையும் ஒரு முறை உள்ளே சேர்த்தாள், பிறகு எடுத்தாள். அவை எல்லாம் நிஜம்தான், ஆனால் எழுதிப் பார்த்தால் சாக்காகத்தான் தெரிந்தன. கடைசியில் பேனாவை எடுத்து, அவள் கண் முன்னாலேயே கட்டத்துக்குள் எழுதினாள்.

"இந்த விடைத்தாளைத் திருத்தியது நான். துணைத்தலைப்புகள் இருக்கின்றனவா என்று பக்கங்களைப் புரட்டினேன். இல்லை என்றதும் நான்கு மதிப்பெண் போட்டேன். கட்டுரைகளைப் படிக்கவில்லை. இவற்றைப் படித்து மதிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி வெனிலாவின் பக்கம் தள்ளினாள். வெனிலா குனிந்து படித்தாள். ஒரு முறை முடித்துவிட்டு மேலேயிருந்து இன்னொரு முறை படித்தாள். பிரபாவதி அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிடும்மா" என்றாள்.

வெனிலா தலையை ஆட்டினாள். "உங்க கைன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு மேம். மொத நாளு ஃபுல்லா அழுதுக்கினே இருந்தேன். இன்னாடி, ஒரு அரியருக்கா இம்மாம் அழுவறன்னு அம்மா கேட்டாங்க. மார்க்குக்கு இல்லம்மா, நான் எழுதினது எங்க மேம்முக்குப் புடிக்கலன்னு சொன்னேன்."

பிரபாவதி பேனாவை மூடினாள்.

"அப்புறம் உக்காந்து நல்லாப் பாத்தேன். மூணு கட்டுரைக்கும் நாலு, நாலு, நாலு. படிச்சிருந்தா ஒண்ணுக்கு அஞ்சு, ஒண்ணுக்கு மூணுன்னு மாறி வந்திருக்கும் இல்ல? மூணும் எப்படி ஒரே மாதிரி வரும்?" வெனிலா விண்ணப்பத்தை மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்தாள். பேசும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. "அப்பதான் மேம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. புடிக்காமப் போடல, படிக்காமத்தான் போட்டிருக்காங்கன்னு."

அந்த நிம்மதியைத்தான் பிரபாவதியால் தாங்க முடியவில்லை. இருபத்தோரு வயசுப் பெண் முன்னால், நாற்பத்தாறு வயசில், மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.